கையைக் கடித்த ஐஸ்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட தட்டை ஏந்திக்கொண்டு நடப்பேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். "ஒனக்கு மட்டும் பூமி சுடுதா?" என்று என் அண்ணன் கேட்பான். இப்படிப்பட்ட ஒருத்தி ஆறு வருஷமாக, கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு முன்னால், "செத்த பொறு, செத்த பொறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டி வந்தது. அதற்குப் பெயர் பிஎச்.டி.

நான் ஆராய்ந்தது சளிப்பூஞ்சை. பெயரைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "நல்லாப் படிச்ச புள்ள, போயும் போயும் சளியப் பாத்துக்கிட்டுத் திரியுது" என்று ஒரு சித்தி கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அது சளியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக்குப் போய், மக்கிய இலைக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வந்து, அதிலிருந்து நான் பிரித்தெடுத்த ஒற்றைச் செல் உயிர்கள். சாப்பாடு இருக்கும்வரை ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தனியாக பாக்டீரியாவைத் தின்றுகொண்டு அலையும். சாப்பாடு தீர்ந்ததும்தான் கூத்து. பட்டினி கிடக்கும் செல் ஒன்று சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறை வெளியே விடும். பக்கத்துச் செல் அதை உணர்ந்து, அந்தத் திசையில் நகர்ந்து, தானும் அதையே விடும். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் இந்தச் சேதி அலை அலையாகப் போகும். கடைசியில் ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றாகக் கூடி, ஒற்றை உடம்பாகி ஊர ஆரம்பித்துவிடும். அவற்றுக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அதனால்தான் எனக்கு அவற்றைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

செல்லின் வெளிப்பக்கத்தில் நின்று சேதி வாங்கும் புரதங்களைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். என் வேலை உள்ளே. செல்லுக்குள்ளும் சைக்ளிக் ஏஎம்பி உண்டு. அதைப் பிடிக்க உள்ளே ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது ஒரு நொதியைக் கட்டிப்பிடித்து, வேலை செய்யவிடாமல் வைத்திருக்கும். சைக்ளிக் ஏஎம்பி வந்து அதன்மேல் உட்கார்ந்ததும் பிடி தளரும், நொதி வேலையைத் தொடங்கும். உள்ளே இது ஒழுங்காக நடக்காவிட்டால் வெளியே எத்தனை சேதி வந்தும் பயனில்லை. செல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. எங்கள் கொய்யாத் தோப்புச் செல்லில் இந்தப் புரதம் சைக்ளிக் ஏஎம்பியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது? இந்த ஒரு கேள்விக்குத்தான் என் ஆறு வருஷமும் போனது.

திண்டுக்கல் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் எங்கள் ஆய்வகம். என் கைடு சார் தவிர, அங்கே முழுநேரமும் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் அட்டெண்டர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அய்யலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். கண்ணாடிக் குடுவை கழுவுவது, பாக்டீரியாவுக்குச் சோறு காய்ச்சுவது என்று எல்லாம் அவர் கைதான். அவருடையது ஒப்பந்த வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு நீட்டுவார்கள். வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டுக் கடினமான வேலைக்குப் போக முடியாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நாலைந்து ஆடு இருந்தது. "இந்த வேலை ஓடுற வரைக்கும் ஆட்டத் தொடமாட்டேன் மேடம். அது பாப்பா காலேஜுக்கு" என்று அடிக்கடி சொல்வார்.

அந்தக் கோடையில் எங்கள் ஐஸ் மெஷின் செத்துப்போனது. என் சோதனைக்கு ஐஸ்தான் உயிர். செல்களை உடைத்து எடுத்த சாறைச் சின்னச் சின்ன ட்யூபில் ஊற்றி, ஒளிரும் சாயம் ஒட்டிய சைக்ளிக் ஏஎம்பியைச் சேர்த்து, ஐஸில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு கரித்தூள் போட்டால், புரதத்தில் ஒட்டாமல் சும்மா மிதப்பதையெல்லாம் கரி இழுத்துக்கொள்ளும். மிச்சம் எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவுதான் புரதம் பிடித்தது. ட்யூப் சூடேறவும் கூடாது, உறையவும் கூடாது. சூடேறினால் புரதம் கெட்டுவிடும். உறைந்து இளகினாலும் அதன் பிடி போய்விடும்.

சாதாரண நாளில் நானே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஐஸ் பேக்டரிக்குப் போய்ப் பெட்டியில் வாங்கிக்கொண்டு வருவேன். திங்களும் புதனும் காலையில் எனக்கு பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு வகுப்பு. அந்த நாளில் ஓட முடியாது. செல்களோ என் டைம்டேபிளைப் பார்த்துப் பட்டினி கிடப்பதில்லை. அவை பக்குவத்துக்கு வரும் நேரத்தில் உடைத்தாக வேண்டும். என் அண்ணன் குல்ஃபி போட்டு வண்டியில் விற்பவன். அவனிடம் கேட்டேன். "ஒன்பது மணிக்குக் குடுத்தா பதினோரு மணி வரைக்கும் கரையவே கூடாதுண்ணே. கரைஞ்சா என் பொழப்பே போச்சு" என்றேன். "அம்புட்டுத்தானே? நான் பாத்துக்கிறேன், நீ போ புள்ள" என்றான். அதற்கப்புறம் திங்கள், புதன் காலையில் அவனுடைய தெர்மோகோல் பெட்டி கல்லூரி கேட்டுக்கு வந்துவிடும். அக்கா போய்த் தூக்கி வருவார். நான் ட்யூபைத் தயார் செய்து கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடுவேன். அந்த ஒரு மணி நேரம் அக்கா மட்டும் ட்யூபோடு இருப்பார்.

ஆரம்பத்திலேயே ஒரு நாள், நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன், பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"இந்த ஐஸு கையக் கடிக்குதுங்க மேடம். பேக்டரி ஐஸு மாதிரி இல்ல."

"ஐஸு கடிக்காமக் கொஞ்சவா செய்யும்?" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிப்படியில் ஓடினேன்.

முடிவுகள் வர ஆரம்பித்தன. செவ்வாய், வியாழன் செய்தவை அழகாக வந்தன. புரதம் நன்றாகப் பிடித்தது. திங்கள், புதன் செய்தவை குப்பை. ஒளியே இல்லை. பாதி கெட்டுப்போனால் நன்றாக வந்த பாதியையும் யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் சாயத்தைச் சந்தேகப்பட்டேன், பிறகு கரித்தூளை, பிறகு கொய்யாத் தோப்பையே. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வருஷக் கடைசி வரைதான் கெடு. கைடு சார் பார்க்கும்போதெல்லாம் "அந்தக் கடைசி கிராஃப் படம் என்னாச்சும்மா?" என்பார். சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நின்றபடி நகத்தைக் கடித்துக் கடித்து விரல் புண்ணானதுதான் மிச்சம்.

ஒரு திங்கட்கிழமை வகுப்பைக் கால் மணி முன்னாலேயே முடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தேன். மற்ற வாரங்களில் நான் வருவதற்குள் அக்கா ட்யூபையெல்லாம் வெளியே எடுத்து ஸ்டாண்டில் அடுக்கியிருப்பார்; அன்று இன்னும் ஐஸிலேயே இருந்தன. பெட்டியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துத் தட்டினேன். உள்ளே கல்லாக உறைந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படித்தான் இருந்தன.

"அக்கா, ட்யூபை ஃப்ரீசர்ல வச்சீங்களா?"

"இல்லீங்க மேடம். பெட்டியிலதான் இருந்துச்சு. நான் இங்கனயேதான் நின்னேன்."

"பொய் சொல்லாதீங்கக்கா. ஐஸே சீரோலதான் இருக்கு. அதுல வச்ச ட்யூபு எப்படி உறையும்? ஃப்ரீசர்ல போட்டுட்டு, நான் வர்ற நேரம் பாத்து எடுத்து வச்சிருக்கீங்க. போன்ல பேசப் போனீங்களா?"

"நான் வைக்கல மேடம்" என்றார் அக்கா. "எம்புள்ள மேல சத்தியமா வைக்கல."

"சத்தியமெல்லாம் எதுக்கு? இத்தன நாளா திங்களும் புதனும் மட்டும் ஏன் கெட்டுப்போச்சு? அன்னிக்குத்தானே நீங்க தனியா இருக்கீங்க?"

எனக்குக் கோபம் மூக்கின் மேல். அதிலும் அன்றைக்கு நியாயம் என் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மோசம். நேரே கைடு சார் அறைக்குப் போய்க் கொட்டினேன். அவர் சண்டை சச்சரவுக்கே ஆகாதவர். "எழுத்துல குடும்மா, ஆபீஸுக்கு அனுப்பிடறேன்" என்றார். நின்றுகொண்டே எழுதினேன். அலட்சியம், பொய் என்ற இரண்டு வார்த்தையும் அந்தத் தாளில் இருந்தன. மாசக் கடைசியில் ஒப்பந்தம் நீட்டும் நேரம். நீட்டவில்லை. கடைசி நாளன்று அக்கா எல்லாக் குடுவையையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் புதன்கிழமை. உதவிக்கு ஆளில்லை. அண்ணன் பெட்டியை நானே கேட்டிலிருந்து தூக்கி வந்தேன், ட்யூபை நானே குத்தி வைத்தேன், ஆய்வகத்தைப் பூட்டினேன், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் எது என்று நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு சோதனையில் கன்ட்ரோல் எதற்கு? ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறினால், விளைவுக்கு எது காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? போர்டில் கோடு கோடாகப் போட்டு விளக்கிவிட்டு வந்து பூட்டைத் திறந்தேன்.

ட்யூப் எல்லாம் கல்லாக உறைந்திருந்தது.

அறையில் யாருமில்லை. சாவி என்னிடம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றேன் என்று நினைக்கிறேன். பிறகு கையைப் பெட்டிக்குள் விட்டேன். சுரீரென்று கடித்தது. சாதாரணக் குளிர் இல்லை, சதையைக் கிள்ளும் குளிர். அடியில் நின்ற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது.

சாயங்காலம் அண்ணனை வண்டியை நிறுத்தக்கூட நான் விடவில்லை. "ஐஸுல உப்புப் போட்டியா?"

"பின்ன? கரையக் கூடாதுன்னு நீதானே சொன்ன" என்றான், பெருமையாக. "ஒனக்குன்னே ரெண்டு கை கல்லுப்பு கூடப் போட்டு, நல்லாக் கலக்கித்தான் அனுப்புறேன். நம்ம குல்ஃபி சாயந்தரம் வரைக்கும் கல்லாட்டம் நிக்குதுல்ல? எங்க, ஒருத்தன் செய்யட்டும் பாப்போம்!"

உப்புப் போட்டால் ஐஸ் சீரோவுக்குக் கீழே போகும். இது பள்ளிக்கூடப் பாடம். குல்ஃபிக்காரன் தங்கச்சி நான். அந்த உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பரீட்சைக்கே படித்தேன். அந்த அக்கா என்னிடம் அன்றே சொன்னார், கையைக் கடிக்கிறது என்று. காதில் விழுந்தது. உள்ளே அதைப் பிடிக்க ஒன்றுமில்லை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் தொங்கிப்போனது. "ஏ புள்ள, பாவம்டி அது. வேலையே போயிருச்சா?" என்றான். அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் அவர் மகள் எடுத்து, "அம்மா காலைல சந்தைக்குப் போகுது. ஆடு விக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் வியாழன், அய்யலூர் ஆட்டுச் சந்தை. இருட்டு பிரியும்போதே அண்ணனைக் கிளப்பினேன். "நீயும் வா. நீதானே உப்புப் போட்ட" என்றேன். அவன் மறுபேச்சு பேசாமல் பைக்கை எடுத்தான். வடமதுரை தாண்டும்வரை பின்னால் உட்கார்ந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவன் முதுகைக் குத்திக்கொண்டே வந்தேன். "இறங்கி ஓடுறியா? நீ என்னைய விட வேகமாப் போவ" என்றான்.

ஆயிரம் ஆடு, ஆயிரம் சத்தம். லாரிக்கும் மினி வேனுக்கும் நடுவில் புகுந்து தேடினோம். ஒரு வேப்பமரத்தடியில் அக்கா நின்றிருந்தார். கையில் கயிறு, கயிற்றில் ஒரு கறுப்புப் பெட்டை ஆடு. பக்கத்தில் தரகரும் வியாபாரியும் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டுக்கடியில் கை இருக்கும்போது வெளியாள் வாய் திறக்கக் கூடாது. சந்தையில் அப்படித்தான். நான் போய் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம், ஆடு வாங்கவா வந்தீங்க?"

"அக்கா, நீங்க ஃப்ரீசர்ல வைக்கல."

"அதத்தான் அன்னைக்கே சொன்னேன்."

அண்ணன் முன்னால் வந்தான். "நாந்தாங்க ஐஸுல உப்பப் போட்டேன். தங்கச்சிக்குத் தெரியாது. கரையக் கூடாதுன்னுச்சு, அதான்..." கைகூப்பிவிட்டான். குல்ஃபி வண்டியில் போலீஸ்காரரையே மிரட்டுகிற ஆள் அவன்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "கையக் கடிக்குதுன்னு சொன்னேன். கொஞ்சவா செய்யும்னு கேட்டீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தை நடுவில் நின்று அழுதேன். "தப்பு என்னோடதுதான்க்கா" என்றேன். அப்போது தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். பேரம் முடிந்துவிட்டது. வியாபாரி வந்து கயிற்றைக் கேட்டான். முடிந்த பேரத்தைத் திருப்ப முடியாது. அக்கா ஆட்டின் காதைப் பிடித்து ஒரு தடவை தடவிவிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். அது கத்திக்கொண்டே போனது.

"இன்னிக்கே லெட்டர வாபஸ் வாங்கிடறேன்க்கா. நீங்க வேலைக்கு வந்துருங்க."

"வாபஸ் வாங்குனா?" அவர் குரல் ஏறியது. ஆய்வகத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "பாவம் பாத்துச் சேத்துக்கிட்டாங்கன்னு ஆபீஸுல பேசுவாங்க. எனக்குப் பாவமெல்லாம் பாக்க வேணாம். பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்தீங்கள்ல, அந்தப் பேரு போகணும். ஒங்க அண்ணன் ஐஸு ஒரு பொட்டி, பேக்டரி ஐஸு ஒரு பொட்டி, ரெண்டும் வரட்டும். ரெண்டுலயும் ட்யூபு வைங்க. நீங்க பாட்டுக்குக் கிளாஸுக்குப் போங்க. நான் மட்டும் இருக்கேன். எது உறையுதுன்னு எல்லாரும் வந்து பாக்கட்டும்."

நான் வருஷக்கணக்காகப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அக்கா வந்தார். கைடு சாரிடம் நான் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்திருந்தேன், இந்தத் தடவை அலட்சியம் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என்னையே போட்டு. ஒரே செல் சாற்றை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டியிலும் வைத்தேன். வகுப்புக்குக் கிளம்பும்போது அக்கா ஃப்ரீசரைப் பூட்டினார். சாவியை என்னிடம் தரவில்லை. ஆபீஸுக்கு எடுத்துப்போய்ச் சூப்பிரண்டிடம் கொடுத்து, ரிஜிஸ்டரில் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த ஒரு மணி நேரம் என்ன பாடம் நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது. ஜன்னலுக்கும் போர்டுக்கும் நடந்தே தேய்ந்தேன். "மேடம், ஒடம்பு சரியில்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள். உறையக் கூடாது, பேக்டரிப் பெட்டியில் மட்டும் உறைந்துவிடக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டுக்காக அல்ல. கெடு, படம் எதுவும் அப்போது நினைவிலேயே இல்லை.

மணி அடித்ததும் ஓடினேன். கைடு சாரும் சூப்பிரண்டும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்து நாலடி தள்ளி நின்றார். பெட்டியை அவர் தொடவே இல்லையாம். நான் எடுத்தேன். அண்ணன் பெட்டியில் இருந்தது அத்தனையும் கல். பேக்டரிப் பெட்டியில் இருந்ததைச் சாய்த்தேன். உள்ளே தண்ணீராக ஓடியது. கரித்தூள் போட்டு, வடித்து, ஒளியை அளந்தேன். கொய்யாத் தோப்புப் புரதம் சைக்ளிக் ஏஎம்பியை விடாமல் பிடித்திருந்தது. ஆறு வருஷமாக நான் தேடிய படம் அதுதான். சூப்பிரண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, நாளைலேருந்து வந்துரு" என்றார் அக்காவிடம். அக்கா தலையாட்டினார். சிரிக்கவில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. இப்போது அதே ஆய்வகத்தில் அடுத்த வேலையில் இருக்கிறேன். புது ஐஸ் மெஷின் வந்துவிட்டது. அண்ணன் மாசத்துக்கு ஒரு தரம் அக்கா வீட்டுக்கென்று குல்ஃபி கொடுத்துவிடுகிறான், வாங்கிக்கொள்கிறார். என்னோடும் பேசுகிறார், மகள் காலேஜில் சேர்ந்ததைச் சொன்னார். பழைய மாதிரி எல்லாம் இருக்கிறது என்று வெளியே பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறார். நான் ட்யூபை ஒப்படைக்கும்போது ஒரு தடவை, வகுப்பு முடிந்து திரும்ப வாங்கும்போது ஒரு தடவை அதை நீட்டுவார். நேரம், ட்யூப் எப்படி இருக்கிறது என்பது எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று நின்ற வாக்கில் பேனாவை எடுத்தேன். அக்கா நோட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐஸத் தொட்டுப் பாத்துட்டுப் போடுங்க மேடம்."

கையை உள்ளே விட்டேன். குளிர்ந்தது, கடிக்கவில்லை. எடுக்கலாம் என்று அவர் சொல்லும்வரை கையை அதிலேயே வைத்திருந்தேன்.